ஆரஞ்சுக் கூடாரத்தில் தெரியாத நீலம்

மாஸ்டரை நான் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், மூச்சையும் இதயத்தையும் சோதிக்கிற அறையில். அங்கே நான் டெக்னீஷியன். இமயமலைக் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் உடல்தகுதிச் சான்றிதழுக்காக வரிசை கட்டி நிற்கும் பருவம் அது. நாற்காலியில் உட்கார வைத்து, ஆள்காட்டி விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டியதும் திரையில் வந்த எண் எண்பத்து நான்கு.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான் என்ற பெருமை தலைக்கேறியிருந்த நாட்கள். மெஷின் சொன்னால் சொன்னதுதான். எண்பத்து நான்கு வைத்திருக்கிற மனிதர் நேராக உட்கார்ந்திருப்பதே தப்பு. சக்கர நாற்காலி வந்தது. ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு நர்ஸ் ஓடி வந்தார். இவ்வளவுக்கும் நடுவில் அந்த மனிதர் தன் கையை உயர்த்திக் காட்டிச் சிரித்தார்.

“பதறாதீங்க தம்பி. அது நான் இல்ல, சாயம்.”

விரல்கள் இரண்டாம் கணு வரைக்கும் கருநீலம். நகங்கள் இன்னும் ஒருபடி கறுப்பு. முப்பத்து நான்கு வருடமாகச் சாயப்பட்டறையில் நிறம் கலக்கும் கை.

“முதல் தடவை பார்த்தப்பவே இந்தக் கைதான்” என்றார் பின்னால் நின்ற அவர் மனைவி. “ஏதோ எழுதப் படிக்கிற மனுஷன், பேனா மை ஒழுகியிருக்குன்னு நம்பி ஏமாந்துட்டேன்.”

டாக்டரம்மா வந்து கிளிப்பைக் காது மடலுக்கு மாற்றினார். தொண்ணூற்றேழு. நர்ஸ் சிலிண்டரைத் திருப்பி உருட்டிக்கொண்டு போனார். சான்றிதழின் அடியில் டாக்டரம்மா ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: ‘விரல்களில் நிரந்தரச் சாயக்கறை; ஆக்சிஜன் அளவைக் காதில் பார்க்கவும்.’

அந்த ஒரு வரியை மனைவி இரண்டு தடவை வாசித்தார். அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாஸ்டருக்கு வயது ஐம்பத்தாறு. பேர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. பட்டறையில் ‘கலர் மாஸ்டர்’, முதுகுக்குப் பின்னால் ‘நீலக்கை’. துணி வாங்குகிற கம்பெனி ஒரு துண்டுத் துணியை அனுப்பி, இதே நிறத்தில் இத்தனை ஆயிரம் மீட்டர் வேண்டும் என்று கேட்கும். அந்தத் துண்டைப் பார்த்து, எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று முடிவு செய்வது அவர் வேலை. தொட்டியிலிருந்து ஒரு சாம்பிளைக் கிள்ளி எடுத்து, பிழிந்து, காயவைத்து, அறையைத் தாண்டி வாசலுக்குக் கொண்டு போவார். குழல் விளக்கின் கீழ் ஒரு தடவையும் கண்ணால் பார்த்துச் சரி சொன்னதில்லை.

“கடை வெளிச்சத்துல ஒரு சட்டை வாங்கி, வீட்டுக்கு வந்து பார்த்தா வேற நிறமா இருக்கும்ல? துணி பொய் சொல்லாது. விளக்குதான் பொய் சொல்லும்” என்பார்.

நிறத்தின் அடர்த்தியில் கால் டோன் வித்தியாசம்கூட அவர் கண்ணில் முள்ளாகக் குத்தும். மற்றவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

மனைவி பஸ் கண்டக்டர். இருபத்தாறு வருடமாக ஒரே வழித்தடம், டெப்போவிலிருந்து மில் வாசல் வரை இருபத்து மூன்று நிறுத்தங்கள். ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று நின்று இறுகிப்போன கால்கள். அவர் விசில் அடித்தால் மூன்று தெரு தாண்டிக் கேட்கும் என்பார்கள். ஊர் முழுக்க அவருக்குக் கண்டக்டரம்மா. வீட்டில் மாஸ்டருக்கும் அப்படியேதான். “கண்டக்டர், ஒரு டீ கிடைக்குமா?” என்று கேட்பார். “சில்லறை இருக்கா?” என்று பதில் வரும்.

இந்தச் சிரிப்புக்கு அடியில் பதினொரு வருடத்துப் பழைய புண் ஒன்று இருந்தது.

பதினொரு வருடத்துக்கு முன் கண்டக்டரம்மாவுக்குக் குலுக்கலில் அந்த மலைக்கோயில் பயணத்துக்கு இடம் கிடைத்தது. பதினெட்டாயிரம் அடிக் கணவாயைத் தாண்டி, பனிக்குள் ஏழு நாள் நடை. அவர் டெப்போவில் விடுப்புக்கு எழுதிக்கொடுத்தார், கம்பளிக் காலுறை வாங்கினார், தோழிகளோடு பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்தார். புறப்பட நான்கு நாள் இருக்கும்போது, பட்டறையில் ஒருவருடைய அண்ணன் அதே மலையில் மூச்சடைத்து இறந்த செய்தி மாஸ்டர் காதுக்கு வந்தது. அன்று மத்தியானமே பயண அலுவலகத்துக்குப் போனார். “என் சம்சாரத்துக்கு முடியல. ஆஸ்துமா. பேரை எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆஸ்துமாவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பச்சைப் பொய்.

உண்மை தெரிந்தபோது கண்டக்டரம்மா சத்தம் போடவில்லை. மூன்று மாதம் அவரிடம் பேசவில்லை, அவ்வளவுதான். சாப்பாடு வரும், துணி துவைத்து மடித்து வரும், பேச்சு வராது. பிரிக்காத கம்பளிக் காலுறையை அலமாரிக் கண்ணாடிக்குப் பக்கத்தில், மாஸ்டர் தினமும் முகம் துடைக்கிற இடத்தில், ஆணி அடித்துத் தொங்கவிட்டார். பதினொரு வருடம் அது அங்கேயே தொங்கியது.

இத்தனை வருடம் கழித்து மறுபடியும் குலுக்கலில் பேர் வந்தது. தோழிகளில் ஒருத்திக்கு முழங்கால் போய்விட்டது, இன்னொருத்தி ஊரைவிட்டே போய்விட்டாள். “நானும் வரேன்” என்றார் மாஸ்டர். கண்டக்டரம்மா கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“வாங்க. ஆனா ஒண்ணு. மேல ஏறின பிறகு என்னைப் பத்தி யார்கிட்டயும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு முடியுதா முடியலையான்னு நான் சொல்லிக்குவேன். சத்தியம் பண்ணுங்க.”

மாஸ்டர் சத்தியம் செய்தார்.

ஒன்பது மாதப் பயிற்சி. அதற்குத் தலைவி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத நான்கு மாடிக் கட்டடம், எழுபத்திரண்டு படி. பட்டறையில் சாயம் பிடிக்க உப்புச் சேர்ப்பார்கள். அந்த உப்பில் ஐந்து கிலோவைத் துணிப்பையில் கட்டி மாஸ்டரின் முதுகில் ஏற்றினார் கண்டக்டரம்மா. தன் முதுகில் ஏழு கிலோ. விடிந்ததும் பத்துத் தடவை ஏறி இறங்க வேண்டும். மாதம் ஒரு கிலோ கூடும், இரண்டு தடவை கூடும்.

மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். படி ஏறிக்கொண்டே இருபத்து மூன்று நிறுத்தங்களையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். நடுவில் திணறினால் மறுபடி கீழே இருந்து.

“டெப்போ… தண்ணித் தொட்டி… மரக்கடை… பெரிய ஆஸ்பத்திரி… ரயில்வே கேட்டு… கோர்ட்டு…” என்று மாஸ்டர் இழுப்பார். மீன் மார்க்கெட் வருவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

“என்னங்க, மீன் மார்க்கெட்டுல இறங்கிட்டீங்களா? டிக்கெட்டு மில் வாசல் வரைக்கும் எடுத்திருக்கு!”

“மனுஷனை… மூச்சு விட… விடு.”

“பேச முடியுதுல்ல? அப்ப மூச்சு இருக்கு. ஏறுங்க.”

மேல் மாடியில் குடியிருந்த தையல்காரர் கதவைத் திறந்து, “நான் கோர்ட்டுல ஏறிக்கறேம்மா” என்பார்.

கண்டக்டரம்மாவின் பழைய விசில் ஒன்று மாஸ்டரின் கழுத்துக்கு வந்தது. “ஒரு விசில்னா நிறுத்தணும். ரெண்டுன்னா கிளம்பணும். பஸ்ல யார் ஊதினாலும் டிரைவர் முதல்ல நிறுத்திட்டுத்தான் அப்புறம் ஏன்னு கேட்பான். அதே சட்டம்தான் மலையிலயும். உங்களால முடியலன்னா ஊதுங்க, நான் நிப்பேன்.”

“மூச்சு இல்லாதவன் எப்படிம்மா ஊதுவான்?”

“அதுக்குத்தான் மூச்சு போறதுக்கு முந்தியே ஊதணும்.”

வெயிலில் கம்பளிச் சட்டையோடு நடந்தார்கள். புது ஷூவைப் பழக்க, அதைப் போட்டுக்கொண்டே மாஸ்டர் பட்டறைக்குப் போனார். சாயத் தண்ணீரில் நனைந்து ஷூவும் நீலமாயிற்று. ஒன்பதாம் மாதம், முதுகில் பன்னிரண்டு கிலோவோடு மில் வாசல் வரை மூச்சு இரைக்காமல் சொல்லி முடித்தபோது, கண்டக்டரம்மா கிழிக்காத பஸ் டிக்கெட் ஒன்றை அவர் சட்டைப் பையில் வைத்தார். பதினொரு வருடத்தில் அவரிடமிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான். அன்றைக்கு அலமாரி ஆணியிலிருந்து காலுறையும் இறங்கியது.

புறப்படுவதற்கு முந்தின வாரம் கண்டக்டரம்மா கேட்டார், “பையில பேர் எழுதணும். கொஞ்சம் நேவி ப்ளூ சாயப்பொடி கொண்டு வாங்க.” மாஸ்டர் சின்ன மருந்து டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பைகளிலும் கொட்டை எழுத்தில் பேர் ஏறியது. மிச்சப் பொடி பைக்குள் போயிற்று. அதை மாஸ்டர் கவனிக்கவில்லை.

குழுவில் நாற்பத்து மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற டிரில் வாத்தியார். ஏற்கெனவே எட்டுத் தடவை போய் வந்தவர். பேச்சுக்குப் பேச்சு அதையே சொன்னதால் இரண்டாம் நாளே அவர் பேர் ‘எட்டுத்தடவை’ ஆகிவிட்டது. கூடவே தடித்த கண்ணாடி போட்ட டாக்டர் ஒருவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கூடாரம் என்பதால், கணவனும் மனைவியும் நடக்கும்போதும் சாப்பிடும்போதும்தான் பார்த்துக்கொள்ள முடியும். அதுவும் முக்கால் முகம் மறைந்து: தலையில் குல்லா, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, மூக்கைச் சுற்றி மஃப்ளர், கையில் கையுறை.

பன்னிரண்டாயிரம் அடி வரைக்கும் எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தார்கள். பதின்மூன்றாயிரத்தில் பாட்டு நின்றது. பதினாலாயிரத்தில் பேச்சு நின்றது. ஒரு அடி எடுத்து வைக்க ஒரு மூச்சு. பிறகு ஒரு அடிக்கு இரண்டு மூச்சு. ஷூ நாடா கட்டக் குனிந்தால் உலகம் சுற்றியது. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. எழுபத்திரண்டு படியும் பன்னிரண்டு கிலோ உப்பும் கால்களுக்குத்தான் பயிற்சி கொடுத்திருந்தன. காற்றில்லாத இடத்தில் மூச்சு விட எந்த மாடிப்படியும் சொல்லித் தரவில்லை என்பதை மாஸ்டர் அங்கே உணர்ந்தார். கால்கள் தயாராக நின்றன. நெஞ்சு மட்டும் வர மறுத்தது.

முதல் முகாமில் டாக்டர் எல்லாருக்கும் ஆக்சிஜன் பார்த்தார். எழுபதுக்குக் கீழே போனால் இறக்கிவிடுவேன் என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். மாஸ்டரின் விரலில் அறுபத்தொன்பது வந்தது. அவர் சான்றிதழை நீட்டினார். டாக்டர் வாசித்துவிட்டுச் சிரித்து, கிளிப்பைக் காதில் மாட்டினார். எண்பத்தைந்து. “போங்க, சாயக்காரரே.”

அடுத்து நின்ற இரண்டு பெண்களுக்கு அறுபத்தாறு, அறுபத்தெட்டு. அவர்கள் கையில் சான்றிதழில் அப்படி ஒரு வரி இல்லை. ஒருத்தி தரையில் உட்கார்ந்து அழுதாள். மதியத்துக்குள் இருவரும் குதிரையில் ஏற்றிக் கீழே அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு அடுத்து நின்ற கண்டக்டரம்மாவுக்கு எழுபத்து மூன்று. டாக்டர் புருவத்தை உயர்த்தி, “தண்ணி நிறையக் குடிங்கம்மா, மேல மறுபடி பார்ப்போம்” என்றார்.

கண்டக்டரம்மா சரி என்று தலையாட்டினார். அவருடைய பார்வை மாஸ்டரின் விரல்கள் மேல் நின்று நகர்ந்தது. அன்று அவர் என்ன நினைத்தார் என்பது மாஸ்டருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது.

கடைசி முகாம் பதினைந்தாயிரத்து ஐந்நூறு அடியில். அதற்கு மேல் கணவாய். கணவாய்க்கு அப்பால் கோயில். மத்தியானம் மூன்று மணிக்குப் பெண்கள் கூடாரத்தில் சோதனை நடந்தது. மாஸ்டர் அங்கே இல்லை. நடந்ததை அவர் பிற்பாடு டாக்டர் வாயால் கேட்டார்.

கண்டக்டரம்மா கையை நீட்டியபோது விரல் நுனிகள் நீலமாக இருந்தன. கிளிப்பில் ஐம்பத்தெட்டு. “நான் அந்தச் சாயக்காரர் வீட்டுக்காரி, டாக்டர். பையில பேர் எழுதினேன், கையெல்லாம் ஒட்டிக்கிச்சு” என்றார். டாக்டர் காதில் மாட்டிப் பார்த்தார். காது பனிக்கட்டி மாதிரி சில்லிட்டிருந்ததால் எண்ணே வரவில்லை; வெறும் கோடுகள். ஷூவைக் கழற்றுங்கள், கால் விரலில் பார்க்கலாம் என்றார். “அதைக் கழட்டி மாட்ட அரை மணி நேரம் ஆகும். வரிசை எவ்ளோ நீளம் பாருங்க” என்று கண்டக்டரம்மா சிரித்தார். இருபத்தாறு வருடம் கூட்டத்தை நகர்த்திப் பழகிய குரல். டாக்டருக்கும் தலை கனத்துக்கொண்டிருந்தது. கண்டக்டரம்மாவின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். உதடு நல்ல நிறமாகத்தான் இருந்தது. சரி என்று டிக் போட்டார்.

மறுநாள் காலை பத்து மணி. வானம் கண்ணாடி மாதிரி துலங்கியது. பனியில் பட்ட வெயில் கண்ணைப் பிடுங்கியது. வரிசையாக நின்று பைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டரம்மா ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தார். கையுறையோடு முடியவில்லை. கழற்றினார். அப்போதும் முடிச்சு விழவில்லை. நாடாவின் இரண்டு முனையையும் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று மறந்தவர் மாதிரி அதையே பார்த்தார்.

மாஸ்டர் வந்து மண்டியிட்டார். “குடு, நான் கட்டறேன்.” அப்போதுதான் அந்த விரல்களைப் பார்த்தார்.

“என்ன கண்டக்டர், நம்ம கம்பெனியில சேர்ந்துட்டியா?” என்று முதலில் சிரித்தார்.

கண்டக்டரம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “பேர் எழுதினப்ப பட்டது.”

பேர் எழுதியது பன்னிரண்டு நாளைக்கு முன்னால். அந்த நேவி, சலவைச் சோடா போட்டுச் சூடு காட்டாமல் தோலில் இத்தனை நாள் நிற்காது. இது நேற்றோ முந்தாநாளோ தடவியது. அது எதற்காக என்பது மாஸ்டருக்கு உடனே எட்டவில்லை. அவர் கண்தான் முந்திக்கொண்டது. சாயம் நகத்தின் ஓரத்தில் தங்கும், தோலின் சுருக்கத்தில் தங்கும். நகத்துக்கு அடியில், நடுவில் போகாது. போகவே முடியாது. ஆனால் நகத்தின் நடுவிலும் நீலம் இருந்தது. ஓரத்து நீலம் அவர் பட்டறை நேவி, அது அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். நடுவில் இருந்தது வேறு. சாம்பல் பூத்த நீலம். அதை அவர் கலக்கவில்லை.

கறுப்புக் கண்ணாடியைப் பிடுங்கிப் பையில் போட்டார். வெயில் ஊசியாய் இறங்கிக் கண்ணீர் கொட்டியது. துடைத்துவிட்டு மனைவியின் மஃப்ளரைக் கீழே இழுத்தார்.

உதடும் அதே நிறம்.

“ஷேடு மாறியிருக்கு” என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

“என்னது?”

“உன் உதடு. நீ இப்படி இல்ல. மூச்சு எப்படி இருக்கு?”

“நேத்து டாக்டரே பார்த்தாரு. நல்லா இருக்குன்னு டிக் போட்டாரு. நீங்க டாக்டரா?”

“எங்க பார்த்தாரு?”

“எங்க கூடாரத்துலதான்.”

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். பெண்கள் கூடாரம் வெயிலில் ஜெகஜோதியாக நின்றது. ஆரஞ்சு நிறத் துணி. உள்ளே நுழைந்தால் பிணத்துக்கும் முகம் சிவந்து தெரியும்.

“நிறுத்தம் சொல்லு” என்றார்.

“என்னங்க விளையாட்டு?”

“டெப்போல இருந்து சொல்லு.”

“இருபத்தாறு வருஷமா சொல்றேன். எனக்கே சொல்லித் தர்றீங்களா?” இருமினார். இருமல் ஈரமாக, நெஞ்சின் அடியிலிருந்து வந்தது. “டெப்போ… தண்ணித் தொட்டி… கோர்ட்டு… மரக்கடை… கோர்ட்டு…” நின்றார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை. “மரக்கடை” என்றார் மறுபடியும், கெஞ்சுகிற மாதிரி.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தப்பாகச் சொன்னது கண்டக்டரம்மாவுக்கும் தெரிந்தது. அடுத்த நொடியே அவர் முகம் இறுகியது.

“வாயைத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க.”

“கண்டக்டர்…”

“பதினோரு வருஷம். இன்னும் ஒரு கணவாய்தான். ஒண்ணே ஒண்ணு. நீங்க இப்ப ஏதாவது சொன்னீங்க…” மூச்சுக்காக நிறுத்தினார். “ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன்.”

“எல்லாரும் தயாரா? கிளம்பலாமா?” என்று முன்னாலிருந்து எட்டுத்தடவை கத்தினார். கண்டக்டரம்மா தன் கழுத்து விசிலை எடுத்து வாயில் வைத்தார். தினமும் காலையில் குழுவைக் கிளப்பும் இரட்டை விசில் அவருடையதுதான். அதற்காகவே எல்லாரும் காத்திருப்பார்கள். ஊதினார். மூன்று தெரு தாண்டிக் கேட்கிற விசிலிலிருந்து ‘ஸ்ஸ்’ என்று ஒரு காற்று மட்டும் வந்தது. மறுபடி ஊதினார். அதே ‘ஸ்ஸ்’.

மாஸ்டர் தன் விசிலை எடுத்து, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, ஒரே ஒரு தடவை ஊதினார்.

வரிசை நின்றது. நாற்பது தலைகள் திரும்பின.

“என் சம்சாரத்துக்கு முடியல” என்றார்.

பதினொரு வருடத்துக்கு முன் சொன்ன அதே சொற்கள். அவை வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது அவருக்கு உறைத்தது. கண்டக்டரம்மாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடுத்த வார்த்தை வந்திருக்காது.

டாக்டர் மூச்சிரைக்க வந்தார். “நேத்து பார்த்தேனே…”

“ஆரஞ்சு வெளிச்சத்துல பார்த்தீங்க. இங்க வெயில்ல பாருங்க. அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க. நகத்து ஓரத்துல இருக்கறது சாயம். நடுவுல இருக்கறது சாயம் இல்ல.”

“அவருக்கு நான் வர்றது பிடிக்கல, டாக்டர்” என்றார் கண்டக்டரம்மா. “முந்தியும் இப்படித்தான் பொய் சொல்லி என் பேரை எடுத்தாரு. கேட்டுப் பாருங்க, இல்லைன்னு சொல்லட்டும்.”

டாக்டர் மாஸ்டரைப் பார்த்தார்.

“ஆமா, அன்னிக்குச் சொன்னது பொய்” என்றார் மாஸ்டர். “இன்னிக்கு ஷேடு மாறியிருக்கு. காதைச் சூடு பண்ணிப் பாருங்க.”

எட்டுத்தடவை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொரு மணிக்குள் கணவாயின் அடிவாரம் சேராவிட்டால் மேலே காற்று எழும்பிவிடும். புருஷன் பெண்டாட்டிச் சண்டையைத் தீர்க்க இதுவா இடம் என்று முணுமுணுத்தார். மாஸ்டர் அதைக் காதில் வாங்காமல் மனைவியின் காது மடலைத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். கண்டக்டரம்மா தட்டிவிடப் பார்த்தார். கையில் பலம் இல்லை. ஐந்து நிமிடம் அப்படியே நின்றார்கள். டாக்டர் கிளிப்பை மாட்டினார். கோடுகள். மறுபடி கோடுகள். பிறகு எண் வந்தது.

ஐம்பத்து மூன்று.

டாக்டர் குனிந்து அவர் முதுகில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்திலும் நிறம் இல்லை. “நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. இப்பவே இறக்கணும். சிலிண்டர் எடுங்க, குதிரையைக் கூப்பிடுங்க. கணவாய் ஏறியிருந்தா…” என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

குதிரை வருவதற்குள் டாக்டர் மாஸ்டரின் காதிலும் பார்த்தார். எண்பத்து மூன்று. “நீங்க தாராளமா மேல போகலாம். அவங்களோட ஆள் அனுப்பறேன்.”

“நான் மட்டும் போய் அங்க நின்னு என்னன்னு சொல்றது?” என்று கேட்டார் மாஸ்டர். குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கீழே நடந்தார்.

இறக்கம் ஏழு மணி நேரம். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு கண்டக்டரம்மா குதிரையின் கழுத்தில் சாய்ந்திருந்தார். ஒவ்வொரு திருப்பத்திலும் மாஸ்டர் நின்று அந்த உதட்டைப் பார்ப்பார். சாம்பல். இன்னும் சாம்பல். பதின்மூன்றாயிரம் அடியில் ஒரு கல் மண்டபத்தருகே பார்த்தபோது அரை டோன் இறங்கியிருந்தது. அங்கே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். குதிரைக்காரர் புரியாமல் அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார்.

அடிவார ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். கண்டக்டரம்மா பேசவில்லை. டாக்டர்களிடம் பேசினார், நர்ஸிடம் பேசினார், பக்கத்துக் கட்டில்காரியிடம் தன் வழித்தடத்தைப் பற்றிக்கூடச் சொன்னார். மாஸ்டரிடம் மட்டும் பேச்சில்லை. மறுபடி மூன்று மாதமோ பதினொரு வருடமோ, எதுவானாலும் சரி என்று மாஸ்டர் மனதைத் தேற்றிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அவர் கண்டக்டரம்மாவின் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயம் வெளுத்துக்கொண்டு வந்தது. நடுவில் இளஞ்சிவப்பு.

ஆறாம் நாள் காலை கண்டக்டரம்மா சொன்னார், “கையைக் காட்டுங்க.”

மாஸ்டர் நீட்டினார். அவர் அந்த நீல விரல்களைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எனக்கு வந்ததை நீங்க கண்டுபிடிச்சீங்க. இதே உங்களுக்கு வந்திருந்தா? எனக்கு என்ன தெரியும்? நான் என்ன கலர் மாஸ்டரா?”

மாஸ்டர் குனிந்து தன் நகங்களைப் பார்த்தார்.

“ஊருக்குப் போனதும் கையுறை போட்டுத்தான் வேலை பார்க்கணும். இந்த நகம் பூரா வளர்ந்து வெளிய போகணும். உங்க கை என்ன நிறம்னு எனக்குத் தெரியணும்.” பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “பழசை இன்னும் மன்னிக்கல. அது வேற, இது வேற.”

“சரி” என்றார் மாஸ்டர்.

எட்டு மாதம் கழித்து, கண்டக்டரம்மாவின் நெஞ்சைச் சோதிக்க அதே இரண்டாவது மாடி அறைக்கு இருவரும் வந்தார்கள். இந்தக் கதையெல்லாம் அன்றுதான் எனக்குச் சொன்னார்கள். அவருக்குத் தொண்ணூற்றாறு. நுரையீரல் சுத்தமாக இருந்தது. ஆனால் பத்தாயிரம் அடிக்கு மேல் இனிப் போகவே கூடாது என்று டாக்டரம்மா எழுதினார். கண்டக்டரம்மா அந்தத் தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தார். “இவருக்கும் ஒரு தடவை மாட்டிப் பாருங்க தம்பி, விரல்லயே” என்றார். மாஸ்டர் கையை நீட்டினார். மணிக்கட்டுப் பக்கம் பழைய கறை கொஞ்சம் மிச்சமிருந்தது, நகங்கள் வெளுத்திருந்தன. தொண்ணூற்றேழு வந்தது.

கண்டக்டரம்மா இப்போதும் டெப்போவிலிருந்து மில் வாசல் வரை அதே பஸ்ஸில் போகிறார். ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. மாஸ்டர் அதே பட்டறையில், முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு நிறம் கலக்கிறார். கம்பளிக் காலுறை துவைத்து மடித்து அலமாரிக்குள் இருக்கிறது. கோயிலை இருவரும் பார்க்கவில்லை.